தேங்காய் எண்ணெய் உறைந்த காலை

போனில் சொன்னால் நீ ‘சரிம்மா, சரிம்மா’ என்று சொல்லியே பேச்சை முடித்துவிடுவாய். நேரில் சொல்லலாம் என்றால், கல்யாண வீட்டில் நீயும் நானும் தனியாக உட்கார ஒரு மூலை கிடைக்காது. பந்தல்காரர் வருவார், சமையல்காரர் வருவார், இரண்டு பேரையும் விரட்டிக்கொண்டு உன் பெரியப்பா வருவார். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். உன் சைக்கிள் குழுவில் இருக்கிறவர்களுக்கும் இதை அனுப்பப் போகிறேன். ‘இதெல்லாம் எதுக்கும்மா ஊருக்கே சொல்லுத’ என்று நீ நெளிவாய். நெளிந்துகொள். அந்தக் குழுவில் கல்யாணம் ஆனவர்களும் ஆகப் போகிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கும் இது ஆகும்.

விஷயம் கோமதி. ஆவணியில் உங்கள் கல்யாணம், புரட்டாசியில் இரண்டு பேரும் உன் குழுவோடு லடாக் போய் பாங்காங் ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டுவதாக ஏற்பாடு. எனக்குச் சொல்லப்பட்டது அதுதான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, முகூர்த்தப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுப்பதற்காக அவளும் அவள் அம்மாவும் பேட்டையிலிருந்து நம் கல்லிடைக்குறிச்சிக்கு வந்திருந்தார்கள். அம்மா தையல்காரியோடு கழுத்து இறக்கம் பற்றி வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் நழுவி, வாசலில் நின்ற என் சைக்கிளிடம் போய்விட்டாள். கியரை மாற்றிப் பார்க்கிறாள், பிரேக்கை அமுக்கிப் பார்க்கிறாள், சீட்டைத் தட்டிப் பார்க்கிறாள். நாம் பெண் பார்க்கப் போன அன்று உன்னைக்கூட அவள் அத்தனை நேரம் பார்க்கவில்லை. ‘ஏட்டி, ஏரிக்கரையில ஓட்டப் போறியே, இதுல ஒரு சுத்து சுத்திப் பாரு’ என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். ‘இல்ல அத்தை. எனக்குக் குழு கூட வர்ற வேன்ல எடம் போட்டாச்சு. அவுக சொல்லிட்டாக’ என்றாள்.

‘நீ என்ன சொன்ன?’ என்று கேட்டேன். ‘நான் ஒண்ணும் சொல்லல. கல்யாணத்துக்கு முந்தியே எதுக்கு மல்லுக்கட்டணும்னு விட்டுட்டேன்.’ சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சின்ன வயதில் அவளுக்கு மூச்சிழுப்பு இருந்தது, அதுதான் உன் பயம் என்று தெரியும். ஆனால் டாக்டரிடம் நீயேதான் கூட்டிப் போனாய். அவர் ஊதச் சொல்லிப் பார்த்தார், ஓடச் சொல்லிப் பார்த்தார். மருந்து உறிஞ்சுகிற பம்பு எப்போதும் கையில் இருக்கட்டும், மேலே போனதும் நன்றாக ஓய்வெடுத்துவிட்டு ஓட்டலாம் என்றார். டாக்டர் சரி என்ற பிறகு நீ வேண்டாம் என்றிருக்கிறாய். அதுவும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இடத்தைப் போட்டு முடித்துவிட்டுச் சொல்லியிருக்கிறாய். தாலி கட்டுவதற்கு முன்பே அவளுக்காக நீ எடுத்த முதல் முடிவு இது. இதை நீ மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் சைக்கிள் கற்றுக்கொண்டது கல்யாணத்துக்குப் பிறகு, நீ பிறப்பதற்கு முன்பு. அம்பாசமுத்திரம் தபால் ஆபீஸில் அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஆபீஸ். ஆனால் பஸ் தன் இஷ்டத்துக்கு வரும், தன் இஷ்டத்துக்கு நிற்காமல் போகும். தினமும் கையெழுத்துப் போட ஓட்டம். ஒரு நாள் உன் அப்பா கடையைப் பூட்டிவிட்டு வரும்போது ஒரு லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கன்னடியன் கால்வாய்க் கரையில் சாயங்காலம்தோறும் பயிற்சி நடந்தது. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதிப்பேன், அவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருவார். குளிக்க வருகிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. ஒரு நாள் உன் பெரியப்பா அந்த வழியாக வந்துவிட்டார். ‘ஏலே, பொம்பள வண்டியோட கால்வாய்க்குள்ள விழுந்தா யாருலே தூக்கது? வேண்டாம்னு சொல்லு’ என்றார். அப்பாவுக்கு அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, ‘பைய போவாண்ணே’ என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, ‘பைய போளா’ என்றார். உன் குழுவில் இருக்கிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பைய என்றால் மெதுவாக. அண்ணனுக்குச் சொன்ன பதிலும் எனக்குச் சொன்ன புத்தியும் ஒரே சொல்லில் முடிந்துவிட்டது. நான் கால்வாய்க்குள் விழுந்ததும் உண்டு. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அன்றைக்குப் பெரியப்பா ஊரில் இல்லை.

அப்பாவிடம் அந்தச் சொல் இன்றைக்கும் இருக்கிறது. எனக்குப் பதவி உயர்வு கொடுத்து நாங்குநேரிக்கு மாற்றினார்களே, உனக்கு அப்போது ஆறு வயது. விடிந்ததும் பஸ் ஏறவேண்டும், பிள்ளையை யார் கிளப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். ‘நீ போ. பைய பழகிக்கிடுவோம்’ என்றார் அப்பா. சொன்னதோடு நிற்கவில்லை. தினமும் உனக்குத் தோசை சுட்டது அவர்தான். அது எத்தனை கருகினாலும் நீ மிளகாய்ப்பொடியைக் கொட்டிச் சாப்பிட்டுவிட்டுப் போவாய். இன்றைக்கும் உனக்கு முறுகலாக இருந்தால்தான் தோசை. நானோ வேறு மாதிரி. நீ பத்தாம் வகுப்பில் கூட்டாளிகளோடு பாபநாசத்துக்குச் சைக்கிளில் போகிறேன் என்றபோது நான் ‘வேண்டாம்’ என்றேன். அப்பா, ‘பைய போயிட்டு வாலே’ என்றார். நீ என்னை முறைத்துவிட்டு அவர் பக்கம் போய் நின்றாய். இப்போது பார், மூக்கும் நடையும் அப்பாவிடமிருந்து வந்திருக்கின்றன, சொல் மட்டும் என்னிடமிருந்து வந்திருக்கிறது. இரண்டும் பாசத்தில் வருவதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்கிறவனுக்கு அந்தச் சொல்லோடு வேலை முடிந்துவிடுகிறது. பைய என்கிறவன்தான் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும். கற்றுக்கொடுத்த அந்த மாதங்களில் அப்பாவுக்கு ஒரு ஜோடிச் செருப்பே தேய்ந்துபோயிற்று.

போன வருஷத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்றதும் நீ உன் பழைய கியர் சைக்கிளை எனக்குத் தந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினாய். ‘குழுவோட பாங்காங் ஏரிக்குப் போறோம், நீயும் வாயேம்மா’ என்று ஒரு பேச்சுக்குச் சொன்னாய். பேச்சுக்குத்தான் என்று எனக்கும் தெரியும். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். டாக்டரைப் பார்த்தேன், ரத்தம் கொடுத்தேன், இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். அவர் தலையாட்டியதும் விடிகாலைகளில் மணிமுத்தாறு, பாபநாசம் என்று மிதிக்க ஆரம்பித்தேன். சுடிதாரும் ஹெல்மெட்டுமாக நான் போவதைப் பார்த்துவிட்டு டீக்கடை அண்ணாச்சி, ‘என்னக்கா, குடுக்காத தபால் இன்னும் பாக்கி இருக்கா?’ என்று கேட்டார். ‘ஒண்ணு இருக்கு அண்ணாச்சி, லடாக்குக்கு’ என்றேன். அவர் நம்பவில்லை. திரும்பி வந்து போட்டோவைக் காட்டிய பிறகுதான் டீ தந்தார், காசு வாங்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டேன். நம் வீட்டில் எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய். தலைக்கும் அதுதான், கதவுக் கீலுக்கும் அதுதான், திறக்க மறுக்கிற பூட்டுக்கும் அதுதான், தையல் மெஷினுக்கும் அதுதான். அப்பாவின் பழைய சைக்கிள் செயின் அதைக் குடித்தே இத்தனை வருஷம் ஓடியது. எனவே மகன் கொடுத்த சைக்கிளுக்கும் குறை வைக்காமல் செயினுக்கு ஊற்றினேன், மிதிக்கும்போது பின்சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றுகிற ப்ரீவீலுக்குள்ளும் ஒரு கரண்டி விட்டுச் சுழற்றினேன். சர்ரென்று சுற்றியது. வாசலில் அவியல் வாசம் அடித்தது. எனக்கு ரொம்பத் திருப்தி.

லே நகரத்தில் இறங்கியதும் நீ எங்கள் யாரையும் சைக்கிளைத் தொட விடவில்லை. படுங்கள், தண்ணீர் குடியுங்கள், மாடிப்படி ஏறினாலும் நின்று நின்று ஏறுங்கள் என்றாய். அந்த உயரத்துக் காற்று மூச்சுக்குப் போதாது, உடம்பு அதற்குப் பழகவேண்டும், தலைவலிதான் முதல் அறிகுறி என்று எல்லாருக்கும் விளக்கினாய். அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ‘ஊருக்கு லேன்னு பேரு வச்சிருக்கான், எல்லாரும் பைய நடக்கணும்ங்கான். நம்ம ஆளுக யாரோதான் அங்கன போயி குடியேறியிருக்கணும்’ என்றார். பழகின பிறகு மத்தியான வெயிலில் தெருவில் ஓட்டிப் பார்த்தோம். சைக்கிள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு கணவாய் ஏறி இறங்கி ஏரிக்கு வந்தோம்.

மரம் என்று ஒன்று இல்லை. பழுப்பு மலை, அதன் காலடியில் நீலம். மேகம் வந்தால் பச்சையாகிறது, போனால் மறுபடி நீலம். மணிமுத்தாறு அணை நிரம்பியதைப் பார்த்துவிட்டு இதற்கு மேல் தண்ணீர் ஏது என்று நினைத்திருந்தவள் நான். இதற்குத் தொடக்கமும் தெரியவில்லை, முடிவும் தெரியவில்லை. குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். திருச்செந்தூர்க் கடல் அளவுக்கு இல்லை, ஆனாலும் உப்பு. ‘பதினாலாயிரம் அடி ஒசரத்துல உப்புத் தண்ணியக் கொண்டாந்து வச்சது யாருலே?’ என்று கேட்டேன். ‘தலை வலிக்குதாம்மா?’ என்றாய். அந்தப் பயணம் முழுக்க நான் எதைக் கேட்டாலும் உன் பதில் அதுதான்.

மறுநாள் காலையில் நடந்ததை நீ எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறாய். உன் கதையில் ஒரு இடத்தை விட்டுவிடுகிறாய், அதனால் நானும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ராத்திரி சைக்கிள்களைக் கூடாரத்துக்கு வெளியே சாய்த்து வைத்திருந்தோம். விடிந்தபோது வாளித் தண்ணீரின் மேல் பனி தகடாகக் கிடந்தது. எல்லாரும் ஏறிவிட்டார்கள், நானும் ஏறி மிதித்தேன். பெடல் சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை. கியரை மாற்றினேன். அதுவும் அசையவில்லை. நீ வந்து பார்த்தாய். ‘ப்ரீவீல் போச்சும்மா. வேன்ல ஏறிக்கோ. அதே ஏரிதான, ஜன்னல் வழியாப் பாத்துட்டு வா’ என்றாய். கதவைக்கூடத் திறந்துவிட்டாய். உன் முகத்தில் வருத்தம் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு நிம்மதியும் இருந்தது. நீ விட்டுவிடுகிற இடம் அதுதான். அந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததால்தான் நான் குனிந்து சரியாகப் பார்த்தேன்.

பல்சக்கரத்துக்கு நடுவே வெள்ளையாக அப்பிக் கிடந்தது. விரலில் எடுத்து மோந்தேன். நம் வீட்டுக் குளியலறை வாசம். மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று நீ கத்துவாய், நான் மதில்மேல் வெயில் படும் இடத்தில் வைத்து உருக்குவேன். அதே எண்ணெய், அதே வேலையைக் காட்டியிருக்கிறது. ‘ஏலே, கெட்டுப் போகல. உறைஞ்சிருக்கு’ என்றேன். ‘எது உறைஞ்சிருக்கு? என்ன ஊத்துன?’ ‘தேங்கா எண்ணெ.’ நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். ‘அதுல தாளிக்கவாம்மா போற?’ என்றாய். ‘வெயில் வரட்டும். நீங்கல்லாம் முன்னால போங்க.’ ‘உன்னத் தனியா விட்டுட்டு எப்படிப் போக?’ ‘வேன் நிக்கில்லா? நான் பைய வருவேன்’ என்றேன்.

மற்றவர்கள் போனார்கள். நீ போகவில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின்சக்கரம் கிழக்கே பார்க்க வைத்துவிட்டு, நீயும் நானும் ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்து சூரியனுக்காகக் காத்திருந்தோம். உன்னோடு ஒன்றும் செய்யாமல் அத்தனை நேரம் நான் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மலைக்கு மேலே வெயில் வந்தது, நம் கால் வரைக்கும் இறங்கி வந்தது. ஃபிளாஸ்கில் இருந்த வெந்நீரை நீயே பார்த்துப் பார்த்து ப்ரீவீலில் ஊற்றினாய், உன் துண்டாலேயே துடைத்தாய். வெள்ளை பைய இளகி வழிந்தது. பெடலைச் சுற்றினாய். இரண்டு தடவை சும்மா சுற்றியது, மூன்றாம் தடவை ‘கிளிக்’ என்று பிடித்துக்கொண்டு சக்கரம் சுழன்றது. நீ சிரித்த சிரிப்பை நான் உன் பத்து வயதுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஓட்டம் சுலபமாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். மணல் வந்த இடத்தில் இறங்கித் தள்ளினேன். மேட்டில் நாலு மிதி, ஒரு ஓய்வு. மலையிலிருந்து உருகி வந்த ஓடை ஒன்று பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஏரிக்குப் போனது. உருண்டைக் கல், வேகமான தண்ணீர். கரையில் நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் நீ வாயைத் திறந்தாய். என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் வந்தது வேறு. ‘பைய இறங்கும்மா. நான் பின்னால நிக்கேன்’ என்றாய். அப்பா குரல் அப்படியே. ஒரு நிமிஷம் கால்வாய்க் கரை நினைவுக்கு வந்துவிட்டது. நனைந்துகொண்டே தாண்டினேன். மத்தியானத்துக்கு மேல் ஓட்டம் முடிகிற அந்தக் கரையோரத்துக் கடைசி ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, முன்னால் போனவர்கள் டீயும் கையுமாக எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை, உன் பிறப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அன்றைக்கு வலி இருந்தது. நீ பக்கத்தில் வந்து, ‘தலை வலிக்குதாம்மா?’ என்று கேட்டாய்.

இப்போது சொல். அன்றைக்கு நான் வேனில் ஏறியிருந்தால் உனக்குச் சொல்லிச் சிரிக்க என்ன இருந்திருக்கும்? ஏரி அதே ஏரிதான். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நல்லாயிருந்தது என்று வீட்டுக்கு வந்திருப்பேன். கோமதிக்கு நீ அந்த ஜன்னலைத்தான் கொடுக்கப் பார்க்கிறாய். அவளுக்கு மூச்சு முட்டினால் என்ன செய்வது என்று கேட்பாய். நியாயமான கேள்வி. அதற்குப் பம்பு இருக்கிறது, வேன் இருக்கிறது, நீ இருக்கிறாய். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் இருக்கிறது. அதை அவள் சொல்லட்டும், ஏறுவதற்கு முன்பே நீ சொல்லாதே. மனைவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆண்கள் நம் சொந்தத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உன் பெரியப்பாவும் அப்படித்தான், பெரியம்மாவைத் தென்காசிக்குக்கூடத் தனியாக அனுப்பியதில்லை. பெரியம்மா எதற்கும் குறை சொன்னதில்லை. எதையும் சொன்னதில்லை என்பதையும் நீ பார்த்திருக்கிறாய்.

கடைசியாக ஒன்று. அந்த வெள்ளிக்கிழமையே கோமதியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டேன். அடுத்தடுத்த ஞாயிறும் வந்தாள். ‘கல்யாணப் பொண்ணு வெயில்ல கறுத்துப் போயிருவாளே மதினி’ என்று அவள் அம்மா அலறினார்கள். முழுக்கை சட்டையும் துப்பட்டாவுமாக மூடிக் கூட்டிப் போனேன். அவளுக்கு என் சைக்கிள், எனக்கு அப்பா வாங்கித் தந்த அந்தப் பழைய லேடீஸ் சைக்கிள். போன ஞாயிறு பாபநாசம் போனோம். கோயிலுக்கு முந்தின மேட்டில் அவளுக்கு இழுக்க ஆரம்பித்தது. இறங்கி, மருதமரத்தடியில் உட்கார்ந்து, பம்பை எடுத்து உறிஞ்சினாள். திரும்பிவிடுவோம் என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. நான் யார் என்று உனக்குத் தெரியுமே. பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூச்சு சீரானதும் அவளாகவே எழுந்து சைக்கிளை நிமிர்த்தினாள். ‘வாங்க அத்தை, பைய போவோம்’ என்றாள். போய்ச் சேர்ந்து படித்துறையில் இரண்டு பேரும் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தோம். முகம் சிவந்து, முடியெல்லாம் கலைந்து, அவள் அவ்வளவு அழகாக இருந்தாள். உன்னிடம் சொல்லலாமா என்று கேட்டேன். ‘நீங்களே சொல்லிருங்க அத்தை. நான் சொன்னா சண்டையாயிரும்’ என்றாள்.

சொல்லிவிட்டேன். சைக்கிளை நேற்று ரயில் பார்சலில் நீ இருக்கிற பெங்களூருக்குப் போட்டாயிற்று. சீட்டை அவள் உயரத்துக்கு வைத்திருக்கிறேன், மாற்றாதே. அப்பா டீசல் விட்டுக் கழுவி, கடையில் கேட்டுச் சரியான எண்ணெயாக வாங்கிப் போட்டிருக்கிறார். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லை, நம்பலாம். கரையில் அவள் முன்னால் போகட்டும், நீ பின்னால் வா. மணல் வரும், அந்த ஓடை வரும், அவள் இறங்கி நிற்பாள். அப்போது என்ன சொல்லவேண்டும் என்று உனக்கு ஏற்கெனவே தெரியும். வேனில் போட்ட இடத்தை மட்டும் ரத்து செய்துவிடாதே. யாருக்கு முதலில் முடியாமல் போகிறதோ அவர் ஏறிக்கொள்ளட்டும். அது நீயாக இருந்தால், கோமதி கதவைத் திறந்துவிடுவாள்.